பழைய வார்ப்பிரும்புச் சட்டியை மீட்டெடுத்தல்: நீலகிரிவாசிகளுக்கு ஒரு வழிகாட்டி

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி ஊர்களின் பழைய இரும்புக் கடைகளில் சற்று நேரம் நின்று பாருங்கள். வளைந்த தகரம், உடைந்த கேட், தேயிலைத் தோட்டத்துக் கத்தரிகள், சைக்கிள் சட்டங்கள் ஆகியவற்றுக்கு அடியில் ஒரு தோசைக்கல்லோ, பணியாரக்கல்லோ, கனத்த அடி கொண்ட வாணலியோ கிடக்கும். குவியல் சேர்ந்ததும் அது லாரியேறி மேட்டுப்பாளையம் வழியாகச் சமவெளிக்கு இறங்கிவிடும். கோயம்புத்தூர் வட்டாரத்தின் வார்ப்படச் சாலைகளுக்குப் பழைய இரும்புதான் தீனி. மூன்று தலைமுறைக்குத் தோசை சுட்டுக் கொடுத்த கல், உலைக்குள் போய் மோட்டார் பம்பின் உறையாக வெளியே வரும். லாரி புறப்படும் முன் நல்ல சட்டியை அடையாளம் கண்டு, வீட்டுக்குக் கொண்டுவந்து, மறுபடியும் அடுப்பில் ஏற்ற விரும்பும் புதியவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

இந்த வேலைக்குப் பெரிய கருவிகள் தேவையில்லை. பொறுமையும் ஓர் உறுதியும் இருந்தால் போதும். கரியை எடுக்கலாம், துருவை எடுக்கலாம், இரும்பை மட்டும் எடுக்கக் கூடாது. கீழே வரும் முறைகளை எல்லாம் இந்த ஒரே அளவுகோலை வைத்துத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறேன். ஒரு முறை எவ்வளவு வேகமானதாக இருந்தாலும், அது சட்டியின் பழைய முகத்தைச் சுரண்டித் தள்ளுமானால் அதை ஒதுக்கிவிட்டேன்.

மலையில் என்னென்ன கிடைக்கும்

அதிகம் கிடைப்பவை நம் வீட்டுச் சாமான்களே. தோசைக்கல், குழிப்பணியாரக்கல், ஆப்பச்சட்டி, வடைச்சட்டி, கல்யாண வீட்டுப் பெரிய வாணலி. படுகர் வீடுகளில் துப்பதிட்டு என்ற பலகாரத்தை நெய்யில் பொரித்த அகன்ற வாணலிகளும் சில நேரம் கைமாறி வரும். புதிதாகச் சேகரிக்கத் தொடங்குபவர் இவற்றிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் கருத்து. விலை குறைவு, அன்றாடம் பயன்படும், கைபட்டு வழவழப்பானவை நிறையக் கிடைக்கும்.

அடுத்த வகை, பங்களாக்களிலிருந்து வருபவை. ஜான் சல்லிவன் ஊட்டியில் கல் பங்களா கட்டத் தொடங்கியது 1822இல். மலை ரயில் குன்னூருக்கு 1899இல்தான் வந்தது, ஊட்டியை எட்டியது 1908இல். அதுவரை கனமான பொருள் எதுவும் மாட்டு வண்டியிலோ சுமைகூலிகளின் தலையிலோதான் மலையேறியாக வேண்டும். அவ்வளவு பாடுபட்டுக் கொண்டுவந்த பாத்திரத்தை யாரும் எளிதில் தூக்கிப் போடுவதில்லை. மூடியுள்ள கனத்த குண்டான்கள், மூன்று கால் சட்டிகள், நீண்ட கைப்பிடி வைத்த வறுகல்கள் பங்களாச் சமையற்கட்டுகளில் தங்கிப் போனதற்கு இதுவும் ஒரு காரணம். இங்கிலாந்தின் மேற்கு பிரோமிச் நகரில் 1791இல் தொடங்கிய கென்ரிக், வுல்வர்ஹாம்ப்டனின் கிளார்க் போன்ற நிறுவனங்கள் தங்கள் பெயரையும், பைண்ட், காலன் கணக்கில் கொள்ளளவையும் பாத்திரத்தின் மேலேயே வார்த்திருக்கும். கிரிஸ்வோல்ட், வாக்னர் போன்ற அமெரிக்க வறுகல்கள் இங்கே அபூர்வம். அவற்றைத் தேடுபவர்கள் கொடைக்கானல் பக்கம் கண் வைக்கலாம். 1901இல் அமெரிக்க மிஷனரிகள் தங்கள் பிள்ளைகளுக்காகப் பள்ளி தொடங்கிய ஊர் அது, வாய்ப்பு அங்கேதான் கூடுதல்.

சட்டியின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். நடுவில் நீளமான ஒரு தழும்பு மேடாகத் தெரிந்தால், அது மணல் அச்சுக்குள் உருகிய இரும்பை ஊற்றிய வாய். அப்படி அடிப்பக்கம் வழியாக ஊற்றி வார்த்தவை பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டு முடிவதற்கு முந்தியவை. பெயரும் இல்லை, தழும்பும் இல்லை என்றால் வயதைப் பற்றி யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது. ‘வெள்ளைக்காரன் காலத்துச் சட்டி’ என்று சொல்லி விலையை ஏற்றுவார்கள். கதைக்குக் காசு கொடுக்காதீர்கள், இரும்புக்குக் கொடுங்கள்.

இன்னொரு வேறுபாடும் தெரிந்திருக்க வேண்டும். அடித்துச் செய்த இரும்பு வேறு, வார்த்த இரும்பு வேறு. நீலகிரியில் கோத்தர்கள் நெடுங்காலமாகக் கொல்லு வேலை செய்து அண்டை மக்களுக்குக் கத்தியும் மண்வெட்டியும் கோடரியும் கொடுத்துவந்தவர்கள். அவை உலையில் காய்ச்சி அடித்தவை. அத்தகைய இரும்பு வளையும், சம்மட்டித் தடம் தெரியும். வார்ப்பிரும்பில் கார்பனின் அளவு நூற்றுக்கு இரண்டுக்கும் மேல் இருப்பதால் அது வளையாது, உடையும். வெளிப்பக்கம் மணலின் சொரசொரப்பு தெரியும், ஓரத்தில் அச்சின் இணைப்புக்கோடு இருக்கும். அடித்த இரும்பு வாணலியையும் கீழே சொல்லும் முறையிலேயே சுத்தம் செய்யலாம். ஆனால் வார்த்ததைக் கீழே போட்டால் கதை முடிந்தது என்பதை நினைவில் வையுங்கள்.

வாங்கும் முன் கையால் பார்க்க வேண்டியவை

சட்டைப் பையில் ஒரு சிறு காந்தம் போதும். துருவும் கரியும் மூடிக் கிடக்கும்போது வார்த்த அலுமினியத்தையும் இரும்பையும் கண்ணால் பிரித்தறிவது கடினம். காந்தம் ஒட்டாவிட்டால் அந்தப் பொருளைத் தொடாதீர்கள். பின்னால் கரி எடுக்கப் பயன்படுத்தப்போகும் காஸ்டிக் சோடாவில் அலுமினியத்தைப் போட்டால் அது பொங்கிக் கரைந்து, எளிதில் தீப்பற்றும் ஹைட்ரஜன் வாயுவைக் கிளப்பும்.

அடுத்தது ஓசை. சந்தையில் மண்பானையைத் தட்டி வாங்குவதுபோல, சட்டியை ஒரு விரலில் தொங்கவிட்டு, மரக் கரண்டியாலோ விரல் முட்டியாலோ தட்டுங்கள். கணீரென்று நீண்டு ஒலித்தால் நல்லது. ‘தொப்’ என்று அடங்கினால் எங்கோ விரிசல் இருக்கிறது. கரி தடிமனாகப் படிந்திருந்தாலும் ஓசை சற்று மங்கும் என்பதால், சந்தேகம் வந்தால் விளிம்பையும் கைப்பிடி சேரும் இடத்தையும் வெளிச்சத்தில் நன்றாகப் பாருங்கள். விரிசல் பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும். விரிசல் விட்ட சட்டியை வாங்க வேண்டாம். ஒட்டவைத்துத் தருகிறோம் என்று பட்டறையில் சொல்வார்கள். வார்ப்பிரும்பைப் பற்றவைப்பது நுட்பமான வேலை. அடுப்பில் சூடேறி ஆறி, சூடேறி ஆறி வரும் பாத்திரத்தில் அந்த ஒட்டு நிலைக்கும் என்று நான் நம்புவதில்லை.

மூன்றாவது, சமதளம். கடையின் சிமெண்ட் திண்ணையில் சட்டியைக் குப்புறவும் நிமிர்த்தியும் வைத்து ஓரத்தை அழுத்துங்கள். ஆடினால் அடி வளைந்திருக்கிறது. விறகடுப்பில் அது பொருட்டே இல்லை. காஸ் அடுப்பிலும் ஓரளவு சமாளிக்கலாம். தோசைக்கல் என்றால் மாவு ஒரு பக்கமாக ஓடும்.

துருவைக் கண்டு பயப்பட வேண்டாம். செம்பழுப்பாக, பொடியாக உதிரும் துரு எவ்வளவு அசிங்கமாகத் தெரிந்தாலும் போய்விடும். பயப்பட வேண்டியது குழிகளுக்கு. நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் சிக்கும் அளவுக்கு ஆழமான குழிகள் சமைக்கும் பரப்பில் நிறைய இருந்தால் விட்டுவிடுங்கள். இன்னொரு அடையாளம், சட்டியின் ஒரு பகுதி மட்டும் செங்கல் நிறத்தில், பளபளப்பே இல்லாமல், செதிலாக இருப்பது. அது துரு அல்ல. யாரோ நெருப்பில் போட்டுப் பழுக்கக் காய்ச்சியதன் தழும்பு. அந்த இடத்தில் எண்ணெய்ப் படலம் சரியாகப் பிடிக்காது.

விலையைப் பொறுத்தவரை, அன்றைய பழைய இரும்புக் கிலோ விலையை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். அதைப்போல இரண்டு மூன்று மடங்கு கொடுப்பது நியாயம் என்று நினைக்கிறேன். தேடி எடுத்து ஒதுக்கி வைப்பவருக்கு அந்தக் கூலி சேர வேண்டும். அப்படிக் கொடுத்துப் பழகினால் அடுத்த முறை அவரே உங்களுக்காக எடுத்து வைப்பார்.

சில பாத்திரங்களில் சமைக்கவே கூடாது

வெள்ளீயம் பூசிய உட்புறம் கொண்ட பழைய ஆங்கிலேயச் சட்டிகள் வரும். உள்ளே மங்கிய வெள்ளிநிறப் பூச்சு தெரியும். பழைய பூச்சில் காரீயம் கலந்திருக்கலாம். பீங்கான் பூச்சு செதில் செதிலாகப் பெயர்ந்த பாத்திரமும் அப்படியே. இரண்டையும் அலமாரியில் அழகுக்கு வையுங்கள். காஸ்டிக் சோடா நீரில் போட்டால் அவற்றின் பூச்சும் கெடும்.

இதைவிட முக்கியமானது, காரீயம் உருக்கிய சட்டி. குழாய் இணைப்புகளுக்கும் தூண்டில் குண்டுகளுக்கும் காரீயம் உருக்க, கனத்த சிறு வார்ப்பிரும்புச் சட்டிகளையே பயன்படுத்தினார்கள். பட்டறைகளிலிருந்தும் கருவிக் குவியல்களிலிருந்தும் வரும் சட்டியின் உள்ளே சாம்பல்நிறத் துளிகளோ கோடுகளோ இருந்தால் எடுக்காதீர்கள். காரீயத்தைக் காட்டிக்கொடுக்கும் சோதனைக் குச்சிகள் இணையத்தில் கிடைக்கின்றன. எங்கிருந்து வந்தது என்று தெரியாத ஒவ்வொரு சட்டிக்கும் தேய்ப்பதற்கு முன்பே அந்தச் சோதனையைச் செய்துவிடுவது நல்லது. எந்தக் கழுவலும் காரீயத்தை முழுமையாக நீக்கிவிடும் என்று எண்ணக் கூடாது.

முதல் படி: கரியும் பிசுக்கும்

பெரும்பாலான புதியவர்கள் நேராகத் துருவில் கை வைப்பார்கள். வரிசை அதுவல்ல. பல ஆண்டு எண்ணெய் கருகி இறுகிய கரிதான் முதலில் போக வேண்டும். அதற்கு அடியில் ஒளிந்திருக்கும் துரு அதன்பிறகே தெரியும்.

கடைக்காரர் ஒட்டிய விலைச் சீட்டின் பசை இருந்தால் நம் ஊர் நீலகிரித் தைலத்தைத் துணியில் தொட்டுத் துடையுங்கள், உரிந்து வரும். பிறகு நெருப்பிலிருந்து தள்ளி வைத்துச் சோப்பால் கழுவிவிடுங்கள்.

கரிக்கு எளிய வழி, சலவைச் சோடா போட்டுக் கொதிக்கவைப்பது. ஆப்பத்துக்குப் போடும் சோடா இதற்கு உதவாது. துணி துவைக்கும் வாஷிங் சோடா வேண்டும். எவர்சில்வர் அல்லது இரும்புப் பாத்திரத்தில், அலுமினியப் பாத்திரத்தில் அல்ல, சட்டி மூழ்கும் அளவு தண்ணீர் விட்டு, ஐந்து லிட்டருக்கு ஒரு கைப்பிடி என்ற அளவில் சோடா போட்டுக் கொதிக்கவிடுங்கள். ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருப்பதால் இங்கே தண்ணீர் 93 டிகிரி அளவிலேயே கொதித்துவிடும். சமவெளிக்காரர்கள் ஒரு மணி நேரம் என்று சொன்னால் நாம் ஒன்றரை மணி நேரம் வைக்க வேண்டும். ஆறியபின் மரச் சட்டுவத்தால் சுரண்டினால் மெல்லிய படிவுகள் பிசின்போல் வந்துவிடும்.

தடிமனான கரிக்குக் காஸ்டிக் சோடாதான் சரியான மருந்து. இது கொழுப்பையும் கருகிய எண்ணெயையும் கரைக்கும், இரும்பைத் தொடாது. எவ்வளவு நாள் ஊறினாலும் சட்டி தேயாது என்பதால் இந்த முறையை மிகவும் மதிக்கிறேன். ஆனால் தோலையும் கண்ணையும் எரித்துவிடும். ஆகவே முழங்கை வரை ரப்பர் கையுறை, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, முழுக்கைச் சட்டை அணிந்து, வீட்டுக்கு வெளியே திறந்த இடத்தில்தான் செய்ய வேண்டும். மூடியுள்ள கனத்த பிளாஸ்டிக் வாளியில் 20 லிட்டர் குளிர்ந்த தண்ணீர் எடுத்து, அதில் 500 கிராம் காஸ்டிக் சோடாவைச் சிறிது சிறிதாகத் தூவி, மரக் கொம்பால் கலக்குங்கள். தண்ணீரில்தான் சோடாவைப் போட வேண்டும். சோடாவின் மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். கரையும்போது தண்ணீர் தானே சூடாகும், பயப்பட வேண்டாம். மேலே பட்டுவிட்டால் உடனே நிறையத் தண்ணீரில் கழுவுங்கள். கண்ணில் பட்டால் கால் மணி நேரத்துக்குக் குறையாமல் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டே இருந்து, தாமதிக்காமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

சட்டியைக் கம்பியில் கட்டி இறக்கி, வாளியை மூடி, குழந்தைகளும் நாய்களும் அண்டாத இடத்தில் வையுங்கள். மரக் கைப்பிடி, அலுமினியக் குமிழ் எல்லாவற்றையும் முன்பே கழற்றிவிட வேண்டும். கோயம்புத்தூரில் இரண்டு மூன்று நாளில் முடியும் வேலை, ஜனவரி மாத ஊட்டிக் குளிரில் ஒரு வாரம், சில நேரம் இரண்டு வாரம் ஆகும். வெயில் விழும் சுவரோரம் வாளியை வைப்பது உதவும். நடுவில் எடுத்து, ஓடும் நீரில் அலசி, கம்பி நாரால் தேய்த்து, மறுபடியும் இறக்குங்கள். சோடா நீரைப் பல சட்டிகளுக்குத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம். சக்தி இழந்தபின், பல வாளித் தண்ணீர் கலந்து சிறிது சிறிதாகக் கழிப்பறையில் ஊற்றுங்கள். ஓடையிலோ தேயிலைச் சரிவிலோ ஊற்றவே கூடாது. இந்த மலையின் ஓடைகள் பவானியிலும் மாயாற்றிலும் போய்ச் சேருகின்றன, கீழே பல ஊர்கள் அந்தத் தண்ணீரைக் குடிக்கின்றன.

செய்யக் கூடாத இரண்டு முறைகளை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். சீகை விறகு தணலில் சட்டியைப் புதைத்துக் கரியை எரிப்பது மலைக் கிராமங்களில் பரவலான வழக்கம். கரி போகும், கூடவே சட்டி வளையலாம், வெடிக்கலாம், முன்பு சொன்ன செங்கல் நிறத் தழும்பும் விழலாம். அடுத்தது, பட்டறையில் கொடுத்துச் சக்கரத்தால் தேய்த்து வாங்குவது. பத்து நிமிடத்தில் வெள்ளிபோல் மின்னும். ஆனால் பழைய சட்டியின் அருமையே, கடைசல் பிடித்தபின் ஆயிரக்கணக்கான முறை சட்டுவம் பட்டு வழுக்கிய அந்த முகம்தான். சக்கரம் அதைத் தின்றுவிட்டு வரிவரியாகக் கீறலை விட்டுச்செல்லும். வார்த்த பெயர் இருந்தால் அதுவும் தேயும். புதுச் சட்டி வாங்கியிருக்கலாமே என்று தோன்றும் நிலைக்குக் கொண்டுவந்துவிடும்.

இரண்டாம் படி: துரு

மேலோட்டமான துருவுக்குப் புளியோ, நன்றாகப் புளித்த மோரோ போதும். புளியைக் கெட்டியாகக் கரைத்துப் பூசி அரைமணி நேரம் விட்டு, தேங்காய் நாரால் தேயுங்கள். நம் பாட்டிமார்கள் புதுத் தோசைக்கல்லை அரிசி கழுவிய நீரிலோ வடித்த கஞ்சியிலோ நாள்கணக்கில் ஊறவைத்ததும் இதே வேலைக்குத்தான். கஞ்சி புளிக்கப் புளிக்க உண்டாகும் மென்மையான அமிலம் துருவை இளக்குகிறது. ஊட்டிச் சமையலறையில் கஞ்சி லேசில் புளிக்காது, அடுப்போரம் வையுங்கள்.

பிடிவாதமான துருவுக்கு வெள்ளை வினிகரும் வெதுவெதுப்பான தண்ணீரும் சம அளவில் கலந்து சட்டியை மூழ்கவையுங்கள். இங்கே கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். வினிகர் துருவோடு நிற்காது. துரு தீர்ந்ததும் இரும்பை அரிக்கத் தொடங்கும். அரைமணி நேரத்தில் எடுத்து, கம்பி நாரால் தேய்த்து, தேவைப்பட்டால் இன்னொரு அரைமணி. இரவு முழுக்க ஊறவிட்டுத் தூங்கப் போகக் கூடாது. முடித்ததும் சலவைச் சோடா கரைத்த நீரில் ஒருமுறை அலசினால் ஒட்டியிருக்கும் அமிலம் அடங்கும்.

மின்சாரத்தால் துரு எடுக்கும் முறையும் உண்டு. சலவைச் சோடா கரைத்த பிளாஸ்டிக் தொட்டியில் சட்டியையும் வேறொரு பழைய இரும்புத் துண்டையும் ஒன்றையொன்று தொடாமல் தொங்கவிட்டு, கார் பேட்டரி சார்ஜரின் எதிர்முனையைச் சட்டிக்கும், நேர்முனையை இரும்புத் துண்டுக்கும் கொடுப்பார்கள். துரு தளர்ந்து கறுப்புப் பொடியாகும், இரும்பு தேயாது. மிக நல்ல முறை. ஆனால் மின்சாரத்தில் பழக்கம் உள்ளவர் செய்ய வேண்டிய வேலை. ஹைட்ரஜன் வாயு வரும் என்பதால் மூடிய அறை ஆகாது. நேர்முனையில் எவர்சில்வர் கரண்டியையோ தட்டையோ ஒருபோதும் மாட்டாதீர்கள். அதிலுள்ள குரோமியம் நஞ்சாக நீரில் இறங்கும். முதல் சட்டிக்கு இந்த ஏற்பாடு தேவையில்லை.

மூன்றாம் படி: உடனே உலர்த்துதல்

சுத்தமான இரும்பு சாம்பல் நிறமாக இருக்கும். நம் மலைக் காற்றில் அது அப்படியே சில நிமிடங்கள்கூட நிற்காது. துணியால் துடைத்துக்கொண்டிருக்கும்போதே மஞ்சள் படரத் தொடங்கும். ஆகவே கடைசி அலசலுக்கு முன்பே அடுப்பு எரிந்துகொண்டிருக்க வேண்டும், எண்ணெய்யும் துணியும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். கழுவி, துடைத்து, நேராகச் சிறு தீயில் வையுங்கள். ஈரம் முழுவதும் ஆவியாகும்வரை சூடாக்கி, கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் எண்ணெய் தடவுங்கள். அப்படியும் துணியில் லேசாகச் செம்பழுப்பு ஒட்டினால் கவலையில்லை, எண்ணெய்யோடு சேர்த்துத் துடைத்தால் வந்துவிடும்.

இதனால்தான் இந்த வேலைக்கு மாதம் பார்க்கச் சொல்கிறேன். ஊட்டி, கூடலூர் பக்கம் ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. குன்னூர், கோத்தகிரி பக்கம் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்கு மழை. ஜனவரி முதல் மார்ச் வரைதான் மலை முழுவதற்கும் பொதுவான உலர்காலம். வாங்குவதை எப்போது வேண்டுமானாலும் வாங்கிச் சோடா வாளியில் போட்டு வையுங்கள், அதில் இருக்கும்வரை துருவும் ஏறாது. வெளியே எடுத்து, எண்ணெய் தடவிச் சூடாக்கிப் பழக்குவதை அந்த மாதங்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: பழக்குதல்

எண்ணெய்யை மிக மெல்லியதாகத் தடவிச் சூடாக்கினால் அது காற்றோடு கலந்து இறுகி, இரும்போடு ஒட்டிய கறுப்புப் படலமாகும். தோசை ஒட்டாமல் எழுவதும் துரு ஏறாமல் இருப்பதும் அந்தப் படலத்தால்தான். எல்லா எண்ணெய்யும் இப்படி இறுகாது. தேங்காய் எண்ணெய் இறுகவே இறுகாது. போதாக்குறைக்கு 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும், ஊட்டியில் ஆண்டு முழுவதும் அதைக் கரண்டியால் சுரண்டித்தான் எடுக்க வேண்டும். ஆளிவிதை எண்ணெய் மிக நன்றாக இறுகிப் பளபளக்கும். ஆனால் சில மாதங்களில் செதிலாக உரிவதாகப் பலர் குறைப்படுகிறார்கள். நமக்கு நல்லெண்ணெய்யோ சூரியகாந்தி எண்ணெய்யோ போதும். செக்கு எண்ணெய்தான் வேண்டும் என்பதில்லை.

சட்டியை லேசாகச் சூடாக்கி, உள்ளே, வெளியே, கைப்பிடி, அடி எல்லா இடத்திலும் எண்ணெய் தடவுங்கள். பிறகு பஞ்சுத் துணியால் அந்த எண்ணெய்யை முழுவதும் எடுத்துவிடுவதாக நினைத்துக்கொண்டு துடையுங்கள். பார்த்தால் எண்ணெய் இருப்பதே தெரியக் கூடாது. மிச்சமிருப்பதே போதுமான அளவு. புதியவர்களின் சட்டி பிசுபிசுவென்று ஒட்டுவதற்கு எண்ணெய் கூடிப்போவதைத் தவிர வேறு காரணம் பெரும்பாலும் இருக்காது.

பேக்கிங் அடுப்பு உள்ளவர்கள் சட்டியைக் குப்புறக் கவிழ்த்து, 230 முதல் 250 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்து, உள்ளேயே ஆறவிட வேண்டும். இதை மூன்று முதல் ஐந்து முறை செய்தால் சாம்பல் நிறம் பழுப்பாகி, பழுப்பு கறுப்பாகும். அது இல்லாதவர்கள் காஸ் அடுப்பில் செய்யலாம். சிறு தீயில் தொடங்கி, சட்டியை நகர்த்தி நகர்த்தி எல்லாப் பக்கமும் சூடேற்றி, புகை மெல்ல எழுந்து அடங்கும்வரை வைத்து, ஆறவிட்டு மறுபடியும். வார்ப்பிரும்பு சூட்டை மெதுவாகத்தான் பரப்பும். எடுத்த எடுப்பில் பெருந்தீ வைத்தால் நடுப்பகுதி விரிந்து ஓரம் விரியாமல் நிற்க, சட்டி பிளக்கும். சூடான சட்டியில் குளிர்ந்த நீரை ஊற்றினாலும் அதே கதிதான்.

குளிருக்குப் பயந்து சன்னலை மூடிக்கொண்டு செய்யாதீர்கள், புகை கண்ணைக் கரிக்கும். கரியடுப்பு வைத்துப் பழக்குபவர்கள் அதைக் கண்டிப்பாக வெளியில்தான் மூட்ட வேண்டும். மூடிய அறையில் கரியடுப்பு வைத்து உறங்கியவர்கள் உயிரிழந்த செய்திகளைக் குளிர்காலந்தோறும் கேட்கிறோம். கண்ணுக்குத் தெரியாத, வாசனையற்ற நச்சுவாயு அது.

அடுப்பில் ஏறியபின்

முதல் சில வாரங்களுக்கு எண்ணெய் அதிகம் கேட்கும் சமையலாகப் பாருங்கள். வடை, பஜ்ஜி, உருளைக்கிழங்கு வறுவல். புளிக்குழம்பு, தக்காளித் தொக்கு, ரசம் ஆகியவற்றை இப்போதைக்குத் தள்ளிவையுங்கள். புளிப்பு அந்த இளம் படலத்தைக் கரைத்துவிடும், குழம்பிலும் இரும்பு வாடை அடிக்கும். தோசைக்கல் என்றால் பாதியாக வெட்டிய வெங்காயத்தை எண்ணெய்யில் தோய்த்துத் தேய்த்து, முதல் இரண்டு தோசையைக் கனமாக ஊற்றி எடுங்கள். அதே கல்லில் சப்பாத்தி சுடக் கூடாது என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வதில் முழு நியாயம் இருக்கிறது. எண்ணெய் இல்லாமல் அதிகச் சூட்டில் காயும்போது படலம் எரிந்து போகும். சப்பாத்திக்குத் தனிக் கல் வைத்துக்கொள்ளுங்கள்.

பாத்திரம் தேய்க்கும் சோப்பைத் தொடக் கூடாது என்பது மட்டும் தேவையற்ற பயம். இறுகிய படலத்தை இன்றைய மென்மையான சோப்பு ஒன்றும் செய்யாது. ஊறப்போடுவதுதான் கெடுக்கும். சாப்பிட்டு முடித்ததும் வெந்நீரில் கழுவி, அடுப்பில் காயவைத்து, துளி எண்ணெய் தடவி வையுங்கள்.

மழை மாதங்களில் சட்டியை மூடிபோட்டு மூடிவைக்காதீர்கள். இடையில் ஒரு துணியோ மடித்த செய்தித்தாளோ வைத்துக் காற்று போக விடுங்கள். ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினால் ஒவ்வொன்றுக்கும் நடுவில் தாள் வேண்டும். விறகடுப்பு உள்ள வீடுகளில் அடுப்புக்கு மேலுள்ள பரண்தான் இவற்றுக்குச் சரியான இடம். பீரோவுக்குள்ளோ, வெளிச்சுவரை ஒட்டிய அலமாரியிலோ வைத்தால் ஆகஸ்ட் மாதத்தில் எடுத்துப் பார்க்கும்போது செம்புள்ளிகள் இருக்கும். அப்படிப் புள்ளி கண்டால் மறுபடியும் சோடா, வினிகர் என்று தொடங்க வேண்டாம். உப்பும் சில துளி எண்ணெய்யும் விட்டு அந்த இடத்தை மட்டும் துணியால் தேய்த்து, கழுவி, காயவைத்து, ஒரே ஒரு முறை பழக்கினால் போதும்.